பொறிக்கு முன் நெறி

கணினியைத் தொட்டால்தான் கணினியறிவு வாய்க்கும் என்னும் மயக்கம் இன்று தமிழ்நாட்டுப் பெற்றோரிடையே ஆழ வேரூன்றி நிற்கின்றது. அம் மயக்கத்தின் தோள்மீது இன்னொரு மயக்கமும் ஏறி அமர்ந்துள்ளது. ஆங்கிலம் நாவில் புரளும் பிள்ளைக்கே அவ்வறிவு உரியது என்பதே அது. இவ்விரு மயக்கங்களையும் முதலாக வைத்து வணிகம் செய்வோர் பெருகிவிட்டனர். 'கோடிங்' என்று கூவி விற்கப்படும் பண்டத்தைக் கடன்பட்டேனும் வாங்கித் தரும் பெற்றோர் ஒருபுறம். அதனை வாங்க வழியின்றித் தம் பிள்ளையின் எதிர்காலமே இருண்டதெனக் கலங்கும் பெற்றோர் மறுபுறம். இருசாராரும் ஏமாற்றப்படுகின்றனர் என்பதை எடுத்துரைத்தல் இன்று இன்றியமையாததாகும்.

2020ஆம் ஆண்டில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த வேளையில், ஆறேழு அகவைப் பிள்ளைகள் நிரல் எழுதக் கல்லாவிடின் வாழ்வில் பின்தங்கிப் போவர் என்று அச்சுறுத்தும் விளம்பரங்கள் வீடுதோறும் நுழைந்தன. அவற்றுள் சில, விளம்பரங்களின் தரம் காக்கும் அமைப்பின் தலையீட்டால் அவ்வாண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன. விளம்பரம் போயிற்று, அஃது ஊட்டிய அச்சம் போகவில்லை. அதே 2020ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைகூட நிரலாக்கப் பயிற்சியை நடுநிலை வகுப்புகளிலேதான் தொடங்கச் சொல்கின்றது. பால்மணம் மாறாப் பிள்ளையைத் திரையின்முன் அமர்த்துமாறு எவரும் கட்டளையிடவில்லை. கல்வியாளரைவிடக் கடைக்காரரே இதில் விரைவு காட்டினர்.

இதனால், சிறு பிள்ளைகட்கு நிரலாக்க எண்ணமே வேண்டாவென்பது பொருளன்று. வேண்டும், ஐந்தாம் அகவையிலேயே தொடங்கலாம். ஆயின், அதற்குக் கணினி வேண்டுவதில்லை, மின்னாற்றல் வேண்டுவதில்லை, ஆங்கிலம் வேண்டுவதில்லை. ஒரு முற்றமும், சில அட்டைகளும், பிள்ளை பேசும் தாய்மொழியும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

நிரலாக்கம் என்பது யாது?

செய்யவேண்டிய வேலையைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, எது முன், எது பின் என முறைப்படுத்தி, எந்நிலையில் எதைச் செய்வது, எத்துணை முறை செய்வது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவைத்தலே நிரலாக்கம். சொல்லிவைத்தபடி நடத்திப் பார்க்கையில் எங்கே பிழைத்தது என்று தேடித் திருத்துதல் அதன் மறுபாதி. வரிசை, தெரிவு, மீள்செயல், பிழைநீக்கம் என்னும் இந்நான்கும் உள்ளத்தின் தொழில்கள். பொறி அவற்றை விரைந்து நிறைவேற்றும் ஏவலாள், அவ்வளவே.

இவ்வுண்மைக்கு வரலாறே சான்று பகர்கின்றது. 1843ஆம் ஆண்டில் அடா இலவ்லேசு என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, சார்லசு பாபேசு வகுத்த பகுப்புப் பொறிக்கென, பெர்னூலி எண்களைக் கணிக்கும் படிமுறையொன்றை அச்சிட்டு வெளியிட்டார். உலகின் முதற் கணிநிரல் எனப் பலரும் போற்றுவது அதுவே. அந்நிரல் எப்பொறிக்காக எழுதப்பட்டதோ அப்பொறி அவர் வாழ்நாளில் கட்டி முடிக்கப்படவே இல்லை. பின்னர், 1936இல் ஆலன் தூரிங்கு, கணித்தல் என்பதன் எல்லையை ஆராய்ந்தபோது, தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் ஒருவரின் செயலையே படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார். 'கம்ப்யூட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் அந்நாளில் கணக்கிடும் ஆளையே குறித்தது. ஆகவே, எண்ணம் முந்தியது, பொறி பிந்தியது. அவ்வரிசையிலேயே பிள்ளைக்கும் ஊட்டுதல் இயற்கையாகும்.

கணினியின்றிக் கற்பித்தோர்

இவ்வழியைப் பள்ளிகட்கு ஏற்றவாறு வகுத்தவர்களுள் முதன்மையானோர் டிம் பெல், இயன் விட்டன், மைக்கேல் பெல்லோசு என்னும் அறிஞர் மூவர். நியூசீலாந்தின் காண்டர்பரிப் பல்கலைக்கழகத்தை நடுவாகக் கொண்டு 1990களில் வளர்ந்த அம்முயற்சி, 1998இல் நூல்வடிவு பெற்றது. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கற்கும் கணினியியல் என்னும் பொருள்படும் பெயரையே அந்நூலுக்கு அவர்கள் சூட்டினர். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டுள்ளது. செல்வமும் கணினியும் நிறைந்த நாட்டிலேயே அட்டையும் சுண்ணக்கட்டியும் கொண்டு கற்பிக்கத் துணிந்தனர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அவர்தம் விளையாட்டுகளுள் ஒன்றைக் காண்க. ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பர். அவர்கள் கையிலுள்ள அட்டைகளில் முறையே பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று எனப் புள்ளிகள் இருக்கும். அட்டையைக் காட்டலாம், அல்லது மறைக்கலாம், மூன்றாவது நிலை இல்லை. பத்தொன்பதைக் காட்டுக என்றால், பதினாறும் இரண்டும் ஒன்றும் திறக்கும்; எட்டும் நான்கும் மூடும். இவ்வைந்து அட்டைகளால் சுன்னம் முதல் முப்பத்தொன்று வரை எவ்வெண்ணையும் காட்டவியலும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரேயொரு வழிதான் உண்டென்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். கணினிக்குள் எண்ணும் எழுத்தும் படமும் இசையும் எவ்வாறு இரண்டே நிலைகளாகத் தங்குகின்றன என்பதன் அடித்தளம் இதுவே. பல ஆண்டு கணினியைத் தட்டியும் இதனை அறியாதார் பலர். அட்டை பிடித்த எட்டகவைப் பிள்ளை அரைமணி நேரத்தில் அறிந்துகொள்ளும்.

மற்றொன்று. ஒருபுறம் வெள்ளையும் மறுபுறம் கறுப்புமான அட்டைகளை, ஐந்து வரிசையாக, வரிசைக்கு ஐந்தாகப் பிள்ளையொன்று தன் விருப்பம்போல் பரப்பும். ஆசிரியர் ஒவ்வொரு கிடைவரிசையின் கடையிலும் ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் ஓர் அட்டையைச் சேர்ப்பார். எவ்வரிசையை எண்ணினும் கறுப்பின் தொகை இரட்டைப்படையாக வருமாறு அவற்றை அமைப்பார். பிறகு அவர் திரும்பி நிற்க, பிள்ளையொன்று ஓர் அட்டையை மட்டும் புரட்டிவைக்கும். ஆசிரியர் பார்த்த அளவில் அதனைச் சுட்டிக்காட்டுவார். மாயமென்று பிள்ளைகள் வியப்பர். ஒற்றைப்படையாகிப் போன கிடைவரிசையும் நெடுவரிசையும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் பிழை என்பது வெளிப்படும்போது, வியப்பு அறிவாக மாறும். தொலைவிலிருந்து வரும் செய்தியில் நேர்ந்த பிழையைக் கணினிகள் கண்டறியும் நெறிகளுள் ஒன்று இதுவேயாகும்.

இங்கிலாந்து நாடு, 2014ஆம் ஆண்டு செப்தம்பர் முதல் ஐந்தகவைப் பிள்ளைகட்கும் கணிமையைப் பாடமாக்கியது. படிமுறை என்றால் யாது என்று உணர்தலே ஐந்து முதல் ஏழு அகவையினர்க்கு அங்கு வைக்கப்பட்ட முதற் குறிக்கோள். 1967இல் பிள்ளைகட்கென்றே 'லோகோ' என்னும் நிரல்மொழியைத் தோழர்களோடு உருவாக்கிய சீமோர் பாப்பெர்ட்டு, 1980இல் வெளியிட்ட 'மைண்டுசுடார்ம்சு' என்னும் நூலில், திரையில் ஆமைக்கு வழிசொல்லத் திகைக்கும் பிள்ளை தானே எழுந்து நடந்து பார்க்கட்டும் என்னும் கருத்தை விளக்கினார். கணினியைப் பிள்ளைகட்குக் கொடுக்கப் போராடியவரே, விடையைக் காலால் நடந்து தேடச் சொன்னார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மொழியே கருவி

கணினியை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது யாது? மொழி. கட்டளையிடுவதும் மொழி, கேட்டு நடப்பதும் மொழி, பிழைத்தது ஏன் என்று ஆராய்வதும் மொழி. தமிழாசிரியர்கள் இதனைத் தமக்குத் தொலைவான துறையெனக் கருதி ஒதுங்கி நிற்பது எத்துணைப் பிழை என்பது இங்கே புலனாகும்.

பள்ளி முற்றத்தில் பாண்டியாட்டக் கட்டங்களைப் போலச் சதுரங்கள் வரையப்பட்டுள்ளன எனக் கொள்க. ஒரு பிள்ளை பொறியாக நிற்கும், ஏனையோர் கட்டளையிடுவர். பொறி தானாக எதனையும் எண்ணாது. சொன்னதை மட்டுமே செய்யும். "கொஞ்சம் முன்னால் போ" என்றால் பொறி அசையாது. எத்துணைக் கட்டம் என்று சொல்லப்படவில்லை. "இந்தப் பக்கம் திரும்பு" என்றாலும் அசையாது; எந்தப் பக்கம் என்பது சொல்லில் இல்லை. "மூன்று கட்டம் முன்செல், வலப்புறம் திரும்பு" என்றால் நடக்கும். அதனையே நான்கு முறை சொல்லி ஒரு சதுரத்தைச் சுற்றிவந்த பிள்ளைகளுள் ஒன்று, "இதையே நான்கு முறை செய்" என்று சுருக்கிச் சொல்லும் நாள் வரும். மீள்செயல் என்னும் பெருங்கருத்து அன்று அவ்வகுப்பில் பிறந்துவிட்டது. அதனை ஆசிரியர் சொல்லித்தரவில்லை. சோம்பலும் அறிவும் கூடிப் பிள்ளையே கண்டது.

இன்னும் எளிதாக, எலுமிச்சைச் சாறு கலக்கும் முறையைப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். ஆசிரியர் அதன்படியே செய்து காட்டட்டும். "பழத்தைப் பிழி" என்று முதல் வரி இருந்தால், அறுக்காத முழுப்பழத்தை அவர் பிழிந்துகொண்டே நிற்பார். வகுப்பே நகைக்கும், நகைத்தபின் திருத்தும். விடுபட்ட படியைக் கண்டுபிடித்தல் பிழைநீக்கம் என்னும் கலையின் முதற்படி. தவறு செய்தமைக்கு அடி வாங்கும் பிள்ளை தவற்றை மறைக்கக் கற்கும். தவற்றைத் தேடுவதே விளையாட்டெனின் அதனை வெளியே இழுத்துவரக் கற்கும். கணினித் துறைக்கு மட்டுமன்று, வாழ்வு முழுமைக்கும் உதவும் பண்பு இது.

இங்கேதான் தாய்மொழியின் இடம் விளங்குகின்றது. பிழை எங்கே என்று பிள்ளை தன் வாயால் எடுத்துரைக்க வேண்டும். "நான் வலம் என்றது என் வலம், நீ திரும்பியது உன் வலம்" என்று விளக்க வேண்டும். அரைகுறையாக உருப்போட்ட அயற்சொற்களால் இவ்விளக்கம் இயலாது. 'லூப்' என்று ஒப்பிக்கத் தெரிந்து, ஒரு செயல் எப்போது நிற்க வேண்டுமென்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வந்தது அறிவன்று; ஒலி. நிரல்மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிற்றே என்பர். இன்று பரவலாக வழங்கும் பைத்தான் என்னும் நிரல்மொழியின் ஒதுக்கச் சொற்கள் முப்பத்தைந்து அளவினவே. பன்னிரண்டு அகவையில், கருத்துத் தெளிந்த பிள்ளை அவற்றைச் சில நாள்களில் கற்றுக்கொள்ளும். அம் முப்பத்தைந்து சொல்லுக்காக ஐந்தகவை முதல் தாய்மொழியைத் துறக்கச் சொல்வது, ஒரு பிடி உப்புக்காக வயலையே விற்பதை ஒக்கும்.

வீட்டிலும் ஏட்டிலும் உள்ளவை

அயல்நாட்டு விளையாட்டுகளை அப்படியே இறக்க வேண்டுவதில்லை. பல்லாங்குழியை நோக்குக. ஒரு குழியின் காய்களை அள்ளி ஒவ்வொன்றாக இட்டு வருதல். கை வெறுமையானால் அடுத்த குழியை அள்ளித் தொடர்தல். அடுத்த குழி வெறுமையாயின் அதனைத் துடைத்து, அதற்கடுத்த குழியின் காய்களைக் கைக்கொள்ளுதல். ஆட்டமுறை ஊர்க்கு ஊர் சிறிது வேறுபடினும், 'இந்நிலை வரும்வரை இதனைச் செய்; வந்தால் வேறு செய்' என்னும் கட்டமைப்பு எங்கும் ஒன்றே. பாட்டியோடு ஆடும் பேத்தி மீள்செயலையும் தெரிவையும் விரல்நுனியில் வைத்திருக்கின்றாள். அதனை எழுதிக் காட்டச் சொல்வார்தாம் இல்லை.

வாயிற்கோலமும் அத்தகையதே. புள்ளிவைத்துச் சுற்றும் கோலங்கள் சிறு வடிவொன்று ஒழுங்காக மீண்டும் மீண்டும் வளர்வதால் உருவாகின்றன. 1974இல் கிப்டு சிரோமனி, இராணி சிரோமனி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணிமையின் வடிவ இலக்கணத்தால் விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வளர்ந்த ஆய்வுமரபு அது. வாயிலில் மாக்கோலமிடும் பெண்டிரின் கையில் ஆய்வுக்குரிய ஒழுங்கு உண்டென உலகத்தார் ஏற்ற பின்னும், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணினிப் பாடத்தில் கோலத்திற்கு உரிய இடம் கிட்டவில்லை.

தமிழ் யாப்போ இன்னும் நெருங்கியது. காரிகை வழிவந்த யாப்பிலக்கணத்தில் அசை இரண்டே: நேர், நிரை. ஓரசைச்சீர் இரண்டு, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. மேலே சொன்ன புள்ளியட்டைகளின் வளர்ச்சியும் இதே இரட்டிப்புத்தான். நேருக்கு ஒரு கைத்தட்டு, நிரைக்கு இரு கைத்தட்டு என வைத்து, இரண்டு அசைகளால் எத்தனை வகை தட்டலாம் என்று கேட்டால், பிள்ளைகள் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் நான்கையும் பெயர் அறியாமலே கண்டுபிடிப்பர். மூன்றாம் அசை சேர்ந்தால் எட்டாவது ஏன் என்று அவர்களே காரணம் சொல்வர். மேல்வகுப்பில், மாச்சீர் ஆயின் அடுத்து நிரை வருக, விளமோ காயோ ஆயின் அடுத்து நேர் வருக, கனிச்சீர் வரின் வெண்பா அன்று என்னும் வெண்டளை நெறியை ஒரு படிமுறையாக எழுதச் செய்யலாம். நெட்டுருப் பாடமென்று வெறுக்கப்படும் யாப்பு, ஆய்ந்து தீர்ப்புக் கூறும் விளையாட்டாக மாறிவிடும்.

புணர்ச்சியும் அவ்வாறே. மரம் என்பதனோடு கிளை சேர்கின்றது. முதற்படி: ஈற்று மகரத்தை நீக்குக. இரண்டாம் படி: வருஞ்சொல்லின் முதலெழுத்தை நோக்குக, வல்லினமாயின் அதனை மிகுவிக்க, மெல்லினமோ இடையினமோ ஆயின் அவ்வாறே விடுக. மரக்கிளை ஆயிற்று, மரவேர் ஆயிற்று. அகராதியில் சொல் தேடுதலும் ஒரு படிமுறையே. நடுவில் திறந்து, முன்னா பின்னா எனப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே சென்றால், நூறு பக்க அகராதியில் உரிய பக்கம் ஏழாம் முறைக்குள் அகப்படும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும் பிள்ளைக்கும் இவ்வாறு தேடும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடே நல்ல நிரலுக்கும் தீய நிரலுக்கும் உள்ள வேறுபாடு.

இவற்றைக் கொண்டு, முன்னோர் கணினியையே கண்டுவிட்டனர் என்று வீண்பெருமை பேசுதல் தகாது. அவர்கள் கண்டது ஒழுங்கான எண்ணம்; பொறியைக் கண்டவர் பிறர். பிறர் உழைப்பை மறைத்துத் தற்பெருமை கொள்வோர் தம் முன்னோரின் உண்மைப் பெருமையையும் இழப்பர். தமிழிலக்கணம் ஒழுங்குற்ற சிந்தனையைப் பழக்கும் பயிற்சிக்களம் என்பதே போதிய பெருமை.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கணினியின்றிக் கற்பிக்கலாம் என்பதை, கணினியே தரவேண்டாம் என்பதற்குச் சாக்காக ஆட்சியாளர் கொள்ளலாகாது. அட்டையும் முற்றமும் தொடக்கம், முடிவல்ல. நகரத்துப் பிள்ளைக்குக் கணினியும் சிற்றூர்ப் பிள்ளைக்கு அட்டையும் என்று பங்கிட்டால், அது கல்வியன்று. பழைய ஏற்றத்தாழ்வின் புதிய உரு. அட்டை எல்லார்க்கும் முதலில் வேண்டும்; கணினி எல்லார்க்கும் பின்னர் வேண்டும். விளையாட்டோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு நிரலாக்கம் கைவராது. நீந்தும் முறையைக் கரையில் கற்றவன் ஒருநாள் நீரில் இறங்கியே ஆகவேண்டும்.

இரண்டாவது, இவ்விளையாட்டுகளையும் தேர்வாக்கி மதிப்பெண் இட்டுப் பாழாக்கலாகாது. 'படிமுறை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்' என்று வினாத்தாளில் ஏறிய அன்றே அது செத்துவிடும். பிள்ளை வழிசொல்லி, பொறி தவறி, பிள்ளையே திருத்தி, மீண்டும் நடத்திப் பார்த்தல் என்னும் அச்சுழற்சியில்தான் அறிவு ஊறுகின்றது. அதற்கு வேண்டுவது கிழமைக்கு ஒரு பாடவேளையும், பிள்ளை தடுமாறும்போது விடையைச் சொல்லிவிடாத ஆசிரியரின் வாயடக்கமுமே.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் அடுத்த கிழமையே ஐந்து அட்டைகளை வெட்டிப் புள்ளியிடலாம். அதற்கு ஆணையும் வேண்டா, நிதியும் வேண்டா. தமிழாசிரியர் தம் இலக்கண வகுப்பில் ஒரு நூற்பாவையேனும் படிமுறையாக எழுதச் செய்யலாம். பெற்றோர், கட்டணம் கேட்டு வாயிலில் நிற்கும் வணிகர்க்கு விடைகொடுத்துவிட்டு, மாலை வேளையில் பிள்ளையோடு பல்லாங்குழியின்முன் அமர்ந்து, "அடுத்து என்ன செய்ய வேண்டும்? ஏன்?" என்று தமிழில் கேட்கலாம். அந்த 'ஏன்' என்னும் வினாவுக்குத் தன் மொழியில் தெளிவாக விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை எப்பொறி வரினும் அதற்கு அடிமையாகாது; அதனை ஏவி வேலைவாங்கும்.